சூட்டில் மட்டும் கசிந்த வயர்

தக்கலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பினு போன வாரம் என் போனுக்கு ஒரு படம் அனுப்பினான். பழைய அம்பாசடர் கார் ஒன்றின் பானட்டைத் திறந்து வைத்து எடுத்த படம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் ஏறி வருவதற்கென்று இப்போது பழைய கார்களைத் தேடிப் பிடித்துப் புதுசாக்குகிறார்கள். பினு நல்ல வேலைக்காரன். புதிய கார் என்றால் ஒரு பெட்டியை மாட்டுவான், கோளாறு இன்னதென்று திரையில் எழுத்து வரும், சரிசெய்வான். இந்தக் காரில் அந்தப் பெட்டியை மாட்ட இடமில்லை.

கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான்.

"அண்ணே, பேட்டரி லைன்ல இருந்து மூணு வயரு எங்கயோ போவுது. ஒண்ணுக்கும் மறுமுனையக் காணல்ல. வெட்டி விட்டுரட்டா?"

"வெட்டாத."

"வெட்டுனா என்ன ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. அதுக்காவத்தான் வெட்டாதன்னு சொல்லுதேன்."

"எனக்கு வெளங்கல்ல. ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுங்க."

எனக்குப் போனில் பேச வராது. நேரிலும் அதிகம் வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றாலும் எழுத்து கையில் இருக்கிறது. அதனால் எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். பினு கேட்டது மூன்று வயரைப் பற்றி. நான் எழுதத் தொடங்கியது இப்படி நீண்டுவிட்டது.

மார்த்தாண்டத்தில் பொன்னையன் மேசிரியின் ஒர்க்‌ஷாப்பில் சின்ன வயதில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன், டைனமோ கழற்றித் துடைத்தேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு வயரிங் என் கைக்கு வந்தது. கழுத்து எலும்பு தேய்ந்து, இனிக் குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லும்வரை அதே ஒர்க்‌ஷாப்தான். குனியாமல் கார் எலக்ட்ரீசியன் வேலை பார்க்க முடியாது. ஐம்பத்து மூன்றாம் வயதில் வீட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

மேசிரி சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. காரின் பக்கத்தில் போவதற்கு முன் கைக்கடிகாரத்தையும் கல்யாண மோதிரத்தையும் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவில் மோதிரம் பட்டால் விரலோடு வெந்துவிடும். அடுத்து ரேடியேட்டரின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு இருந்தால் போய்ச் சாயா குடித்துவிட்டு வருவார். சூடான இன்ஜினில் கை வைக்கிறவன் கையைச் சீக்கிரம் எடுக்கப் பார்ப்பான், எடுக்கிற அவசரத்தில் வயரை இழுத்துவிடுவான் என்பது அவர் கணக்கு. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஆறாத வண்டியில் யாரும் வயரைத் தொட்டது கிடையாது.

அம்பாசடரில் கம்பெனி போட்ட வயர்களுக்கு நிறம் உண்டு. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவியைத் திருப்பினால் உயிர் வருவது. பச்சை, ஃபியூஸுக்குப் பிறகு வருவது. கறுப்பு எர்த். நீலம் ஹெட்லைட்டுக்கு. ஆனால் இருபது வருடம் ஓடிய வண்டியில் எண்ணெயும் புகையும் படிந்து எல்லாம் ஒரே நிறமாகிவிடும். பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தால் கொஞ்சம் தெரியும். துடைத்தும் தெரியாவிட்டால் கிளிப்புக்கு அடியில் பார்க்க வேண்டும். கிளிப் மூடிய இடத்தில் மட்டும் முதல் நாள் நிறம் அப்படியே இருக்கும்.

இவை கம்பெனி வயர்கள். நம்மைக் குழப்புகிறவை பிற்பாடு வந்தவை. நம் ஜில்லாவில் அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் கார் இருந்தால் அது ஊருக்கே கார். கிறிஸ்தவ சபைகளின் கன்வென்ஷன் கூட்டத்துக்கு அறிவிப்புச் சொல்ல மேலே குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். ஆம்ப்ளிஃபயருக்கு பேட்டரியிலிருந்து ஒரு வயர் இழுப்பார்கள். தேர்தலுக்குக் கேட்டால் கொடுப்பார்கள், கொடிக்கு மேல் ஒரு பல்பு எரிய இன்னொரு வயர். கோயில் கொடை, பள்ளித் திருவிழா, கல்யாணம். எல்லாம் முடிந்ததும் ஸ்பீக்கரையும் பல்பையும் கழற்றிக்கொண்டு போவார்கள். வயரை யாரும் கழற்ற மாட்டார்கள். அதனால் மேசிரி வண்டிக்காரரிடம் என்ன கோளாறு என்று முதலில் கேட்க மாட்டார். "வண்டிய யாருக்கெல்லாம் குடுத்திய?" என்றுதான் கேட்பார். அவர்கள் யோசித்துச் சொல்லச் சொல்ல அவர் பானட்டுக்குள் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒற்றைக் கம்பி என்றால் பந்தல் போட்டவன் வேலை. இரண்டு வயரை முறுக்கிப் பின்னியது என்றால் ரேடியோ கடைக்காரன். கண்டுபிடித்த வயரின் இரண்டு முனையிலும் துணிக்கிழிசலால் ஒரே மாதிரி முடிச்சுப் போடச் சொல்வார். இரண்டு முனையும் தெரியும்வரை கட்டிங் பிளேயரை எடுக்கக் கூடாது.

ஒருமுறை புதுக்கடையிலிருந்து ஒரு காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். காரின் சொந்தக்காரர் இறந்துபோயிருந்தார். அடக்கம் முடிந்த மறுநாளிலிருந்து வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. இன்ஜினுக்குப் பொறி கொடுக்கும் காயிலுக்குப் போகும் வெள்ளை வயரை யாரோ நடுவில் வெட்டி உள்ளே திருப்பியிருந்தார்கள். பின்தொடர்ந்து போனால் அது சாம்பல் தட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன சுவிட்சில் முடிந்தது. வண்டியை யாரும் கொண்டு போய்விடக் கூடாது என்று அவரே வைத்த கள்ள சுவிட்ச். மனைவியிடமும் சொல்லவில்லை. அந்த அம்மா சுவிட்சைப் பார்த்துவிட்டு, "இதையும் மறைச்சு வச்சிட்டுத்தான் போனாரா?" என்றார். வேறு எதையெல்லாம் மறைத்து வைத்தார் என்று நாங்கள் கேட்கவில்லை.

இனி ஏசுவடியானின் விஷயம். அவர் குலசேகரத்துக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்து வீட்டில் டிரைவர். தோட்டத்தின் பெரியவர் காலத்திலிருந்து அங்கே இருந்தார். பெரியவர் இறந்த பிறகு மகன் ஜெயசிங் கல்ஃப் வேலையை விட்டுவிட்டு வந்து தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். அப்பாவின் அம்பாசடரை விற்க மனமில்லாமல் வைத்திருந்தார்.

வண்டியின் பேட்டரி சில நாள் காலையில் செத்துக் கிடக்கும். சில நாள் நன்றாக இருக்கும். ஜெயசிங் புது பேட்டரி வாங்கிப் போட்டார். அதுவும் அப்படியே செய்தது. பிறகு வண்டியை எங்களிடம் கொண்டுவந்தார். மேசிரி வழக்கப்படி ரேடியேட்டரில் கை வைத்துப் பார்த்துவிட்டு ஆற விட்டார். ஆறிய பிறகு நான் பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றி, முனைக்கும் கேபிளுக்கும் நடுவில் டெஸ்ட் லைட்டை மாட்டினேன். டெஸ்ட் லைட் என்றால் ஒரு சின்ன பல்பும் இரண்டு வயரும்தான். எல்லா சுவிட்சும் ஆஃப் ஆக இருக்கும்போது அந்த பல்பு எரிந்தால் எங்கேயோ கரண்டு கசிகிறது என்று அர்த்தம். எரியவில்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி கொண்டுவந்தார். மறுபடி ஆற விட்டோம். மறுபடி எரியவில்லை.

"வண்டியில கோளாறு இல்ல" என்றார் மேசிரி.

ஜெயசிங் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தச் சொல்லை அவர் என்ன செய்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாள் ஏசுவடியான் பஸ் ஏறி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"வண்டியில கோளாறு இல்லன்னு நீங்க சொன்னியளாம்."

"ஆமா" என்றார் மேசிரி.

"அப்போ கோளாறு எனக்கத்தானாம். தோட்டத்துல மரம் விழுந்து கரண்டு போவும் இல்லியா, நான் பேட்டரியக் களவாக் கழத்திக் கொண்டு போயி வீட்டுல லைட்டும் டிவியும் போடுதேனாம். விடியக்காலம் கொண்டு வந்து மாட்டுதேனாம். சாயாக் கடையில சொல்லியாச்சு. சபைக் கமிட்டிக்காரரு வீட்டுல சொல்லியாச்சு. எனக்க மச்சினன் வீட்டுலயும் சொல்லியாச்சு. இந்த மாசத்தோட வேலை இல்ல. வீடும் அவிய குடுத்த வீடு, அதையும் ஒழியணும்."

மேசிரி கழற்றி வைத்திருந்த மோதிரத்தைப் பையிலிருந்து எடுத்து விரலில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார். "வண்டி ராத்திரி நின்னு காலையில சாவுது. என்னைக்குச் சாவுது? ஓடின அண்ணைக்கா, ஓடாத அண்ணைக்கா?"

ஏசுவடியான் யோசித்தார். "ஓடாம ரெண்டு நாள் கெடந்தா நல்லாத்தான் இருக்கு. தூரமா ஓடிட்டு வந்தாத்தான்…" அவரே நிறுத்திக்கொண்டார்.

மேசிரி என்னைப் பார்த்தார். "எடே, இவருகூட போ. வண்டி ஓடி வந்து நிக்குத சூட்டுல மாட்டிப் பாரு."

அந்த ஒர்க்‌ஷாப்பில் அப்படி ஒரு வார்த்தையை அவர் சொல்லி அதற்கு முன் கேட்டதில்லை.

நான் தோட்டத்துக்குப் போய்க் காத்திருந்தேன். ஜெயசிங் பேச்சிப்பாறை வரை போய்விட்டு மத்தியானம் வந்தார். ஏசுவடியான் ஓட்டினார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இன்ஜினை நிறுத்தியதும் பானட்டைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. எர்த் கேபிளைக் கழற்றி டெஸ்ட் லைட்டை மாட்டினேன்.

எரிந்தது. மங்கலாக இல்லை, நன்றாக எரிந்தது.

"என்னத்த போட்டு வச்சிருக்கிய? சுவிட்ச் எதும் ஆன்ல இருக்கா?" என்றார் ஜெயசிங்.

இல்லை என்று தலையாட்டினேன். இரண்டு ஃபியூஸையும் எடுத்தேன். பல்பு எரிந்துகொண்டேதான் இருந்தது. அப்படியானால் கசிவு ஃபியூஸுக்கு முன்னாலேயே இருக்கிறது. டைனமோ கரண்டைக் கட்டுப்படுத்தும் பெட்டியைக் கட்டவுட்டு என்போம். பேட்டரி லைன் வயர்கள் அதில் ஒரு திருகில் வந்து சேரும். அந்தத் திருகை இளக்கி ஒவ்வொரு வயராக எடுத்தேன். பழுப்பு. பழுப்பு. மூன்றாவது வயர் பழுப்பு இல்லை. துடைத்துப் பார்த்தேன், சிவப்புப் பின்னல் வயர், கம்பெனி வயரே இல்லை. அதை எடுத்ததும் பல்பு அணைந்தது. வைத்தேன், எரிந்தது.

அங்கேயே அதை வெட்டி எறிந்திருந்தால் பேட்டரி அதற்குப் பிறகு செத்திருக்காது. கோளாறு நின்றிருக்கும். ஆனால் ஏசுவடியான் திருட்டை நிறுத்திவிட்டார் என்றும் அதற்குப் பெயர் சொல்லலாம். நான் வெட்டவில்லை. முனையில் துணிக்கிழிசலால் முடிச்சுப் போட்டுவிட்டு வயரின் மேல் விரலை வைத்துக்கொண்டே போனேன்.

இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் ஒரு ஓட்டை வழியாக வயர் உள்ளே போனது. ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடவில்லை. சரியாக அந்த இடத்தில் ஒரு ஜாயின்ட். அதன் மேல் கறுப்பாக ஏதோ சுற்றியிருந்தது. இன்சுலேஷன் டேப் என்று நினைத்துத் தொட்டேன். அல்வாவைப் போல விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. முகர்ந்து பார்த்தேன். புளித்த வாசனை. குலசேகரத்தில் யாருக்கும் அந்த வாசனையைச் சொல்லித்தர வேண்டாம். ரப்பர் ஷீட். ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றி உறைய வைத்து, அழுத்தி, புகைப்புரையில் உலர்த்தும் ஷீட். அதைக் கத்தியால் நாடாவாகக் கிழித்து ஜாயின்டில் சுற்றியிருந்தார்கள்.

மேலே இருந்ததை உரித்தேன். உள்ளே செம்பு பச்சை பூத்து, இழை இழையாக ஒடிந்து, ஊசிகளாக நின்றது. ஷீட்டில் சரியாகக் கழுவாத ஆசிட் வருடக் கணக்கில் செம்பைத் தின்றிருக்கிறது. வண்டி ஓடிச் சூடானால் ரப்பர் இளகித் தகட்டின் மேல் சாயும், ஊசி தகட்டைத் தொடும். பானட்டை மூடி நிறுத்திய வண்டியில் இன்ஜின் சூடும் கரண்டு போகிற சூடும் சேர்ந்து ரப்பர் இளகியபடியே இருக்கும். பேட்டரி செத்த பிறகு எல்லாம் ஆறி இறுகி ஊசி விலகிக்கொள்ளும். காலையில் வந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பானட்டைத் திறந்து வைத்து ஆற விட்டுப் பார்த்த எங்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இதை ஜெயசிங்கிடம் விரலால் காட்டினேன். அவ்வளவையும் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. காட்டியது போதுமாக இருந்தது. அவர் குனிந்து பார்த்தார். ஷீட்டைக் கிள்ளி முகர்ந்தார்.

"இது நம்ம புகைப்புரை ஷீட்டுதான். இத யாரு போட்டது?"

எனக்குத் தெரியாது. மேசிரியோடு இருந்து பழகியதில் ஒன்று, வயரைச் சொல்ல வேண்டும், ஆளைச் சொல்லக் கூடாது. நான் மறுமுனையைத் தேடிக் காருக்குள் போனேன். கார்ப்பெட்டுக்கு அடியில், முன்சீட்டைத் தாண்டி, பின்சீட்டின் இடப்பக்கம் கதவோரமாக ஏறி, துணிக்குப் பின்னால் இரண்டு சின்னத் திருகுத் துளைகளுக்குப் பக்கத்தில் வயர் முடிந்தது. அங்கே ஏதோ மாட்டிக் கழற்றியிருந்தார்கள்.

நான் வெளியே வந்தபோது ஏசுவடியான் பின்கதவைப் பிடித்துக்கொண்டு அந்தத் துளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாந்தான் போட்டேன்" என்றார்.

"என்னது?" என்றார் ஜெயசிங்.

"ஃபேனு. சின்ன ஃபேனு. பெரியவருக்கு மூச்சு கெடைக்காது, ஆஸ்பத்திரிக்குப் போவும்போ முகத்துல காத்து அடிக்கணும்னு சொல்லுவாரு. ஃபேனு கெடந்தது, வயரு கெடந்தது, டேப்பு இல்ல. அண்ணைக்குக் கடையடைப்பு, ஒரு கடை தொறக்கல்ல. புகைப்புரையில போயி ஒரு ஷீட்டக் கிழிச்சேன். அவரு போன பெறவு ஃபேனக் கழத்தி உள்ள வச்சேன். வயர மறந்துட்டேன்."

ஜெயசிங் அந்தத் துளைகளைக் குனிந்து பார்த்தார். அப்பா படுத்திருந்தபோது அவர் கல்ஃபில் இருந்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. எதன் மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"அப்போ பேட்டரியக் கெடுத்தது நீருதானா? ரெண்டு மாசமா நான் மண்டைய ஒடைக்கேன். கடைசியில ஆளு நீருதானா?"

"கெடுத்தது நாந்தான் மொதலாளி" என்றார் ஏசுவடியான். "களவெடுத்தது நான் இல்ல."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் டெஸ்ட் லைட்டைப் பார்த்தேன்.

"சரி" என்றார் ஜெயசிங். "அத விடும். நாளைக்கு வழக்கம் போல வண்டிய எடும்."

"எடுக்கேன். ஆனா விட முடியாது. நீங்க எங்கெல்லாம் சொன்னியளோ அங்கெல்லாம் போயி இல்லன்னு சொல்லணும்."

"அவியகிட்ட நான் என்னத்தப் போயி சொல்ல? நாளாவ நாளாவ அதுவா மறந்துபோவும்வே."

"வயர நானும் அப்பிடித்தான் மறந்தேன்."

ஜெயசிங் வீட்டுக்குள் போனார். நான் சிவப்பு வயரை முழுதாக உருவி எடுத்தேன். வெட்டாமல் எடுத்ததால் ஒரே துண்டாக வந்தது. ஓட்டையை அடைத்தேன். இனி வண்டியை மறுபடி சூடாக்கி, அந்தச் சூட்டில் பார்த்தால்தான் வேலை முடிந்ததாகும். அதைச் சொல்ல வாசலில் போய் நின்றேன். கூப்பிடக் கூச்சமாக இருந்தது. ஜெயசிங் செருப்பை மாட்டிக்கொண்டு அவராகவே வெளியே வந்தார்.

"ஒரு ஓட்டம் ஓட்டணும்" என்றேன்.

"தெரியும். ஏறும்" என்றார்.

மலைப்பாதையில் கொஞ்ச தூரம் சுற்றிவிட்டு ஏசுவடியான் வண்டியைக் குலசேகரம் சாயாக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். யாரும் அவரை அங்கே நிறுத்தச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் பானட்டைத் திறந்து டெஸ்ட் லைட்டை மாட்டினேன். கடைக்குள் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்தார்கள். கடைக்காரர் சாயா ஆற்றுகிற பாத்திரத்தோடு வந்தார்.

பல்பு எரியவில்லை. வெயிலில் மங்கலாக எரிந்தால் தெரியாது என்று உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தேன். எரியவில்லை.

"எரியல்லியே. பெரிய கேடா?" என்றார் ஒருவர்.

"பல்பு பியூஸாப் போயிருக்கும்" என்றார் இன்னொருவர்.

"எரியாததுதான் நல்லது" என்றார் ஜெயசிங்.

"அது எப்பிடி? லைட்டு எரிஞ்சாத்தானே நல்லது?"

ஜெயசிங் என்னைப் பார்த்தார். "நீரு சொல்லும்." நான் எர்த் கேபிளை மாட்டத் தொடங்கினேன். 

"அவரு சொல்லாண்டாம். சொன்னது நீங்கதானே" என்றார் ஏசுவடியான்.

ஜெயசிங் வயரைப் பற்றி ஆரம்பித்தார். ரப்பர் ஷீட், ஆசிட், சூடு என்று கொஞ்சம் சொன்னார். பாதியில் விட்டுவிட்டார்.

"பேட்டரிய யாரும் எடுக்கல்ல. வயரு தின்னுது. இவரு எடுத்தாருன்னு இஞ்ச இருந்து நான் சொன்னது பொய்யி."

கடைக்காரர் பாத்திரத்தைக் கீழே வைத்தார்.

"அத நாங்க அண்ணைக்கே நம்பல்ல" என்றார் கடைக்காரர்.

"நம்பாமலா நான் வந்தா பேச்ச நிறுத்துனீரு?" என்றார் ஏசுவடியான்.

யாரோ சிரித்தார்கள். கடைக்காரர் சிரிக்கவில்லை. "உள்ள வாரும், சாயா குடிச்சிட்டுப் போவலாம்" என்றார்.

"இப்போ நேரமில்ல" என்று ஏசுவடியான் டிரைவர் சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. ஜெயசிங் இன்னும் வெளியே நின்றுகொண்டிருந்தார். ஏசுவடியான் சன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏறுங்க மொதலாளி. இனி கமிட்டிக்காரரு வீடு. பெறவு எனக்க மச்சினன் வீடு. அவன் நாலு மணிக்குப் பால் கொண்டு போவான், அதுக்கு முன்ன போவணும்."

ஜெயசிங் ஏறினார். நான் பானட்டை மூடினேன்.